விரிக்க ஐந்து நிமிடம்: வெளிநாட்டுக் குடித்தனத்தில் கலை வேலை

குடும்பத்தோடு புது நாட்டில் போய் இறங்கியவர் எழுதுபவராகட்டும், வரைபவராகட்டும், தைப்பவராகட்டும், பாடுபவராகட்டும், முதல் ஆண்டில் பெரும்பாலும் ஒரே கதைதான். வேலை நின்றுபோகிறது. நேரமில்லை என்பார்கள். அது பாதி உண்மை. பிள்ளையைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொள்ளப் பாட்டியோ சித்தியோ பக்கத்தில் இல்லை. சமையல், துணி, பள்ளிக்கூடம், வங்கி, மருத்துவர் எல்லாம் இரண்டே பேர் தலையில். மிஞ்சுகிற நேரம் இருபது நிமிடம், நாற்பது நிமிடம் என்று துண்டு துண்டாகத்தான் வருகிறது. மேசையை ஒழித்து, பெட்டியைத் தேடி, பொருள்களைப் பரப்பவே அரை மணி பிடிக்கிற வீட்டில் அந்தத் துண்டுகளை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஓர் அளவை வைத்துக்கொள்வோம்: வேலையை விரித்து உட்கார ஐந்து நிமிடம், மடித்து வைக்க ஐந்து நிமிடம். அதற்கு மேல் ஆனால் பொருளையோ இடத்தையோ முறையையோ மாற்ற வேண்டும். மன உறுதியால் சரிசெய்யக் கூடிய விஷயம் அல்ல இது.

முதலில் விசா நிபந்தனை

வீட்டில் உட்கார்ந்து சும்மா வரைவதையும் எழுதுவதையும் யாரும் கேட்பதில்லை. காசு கைமாறும்போதுதான் கேள்வி எழும். பல நாடுகளின் குடியேற்றச் சட்டத்தில் சம்பள வேலையும் சுயதொழிலும் தனித்தனி. சம்பள வேலைக்கு அனுமதி இருப்பதால் படம் வரைந்து விற்க அனுமதி இருப்பதாக ஆகிவிடாது. பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்பவர் வாரத்துக்குச் சில மணி நேரம் சம்பளத்துக்குப் போகலாம், சுயதொழில் செய்யக் கூடாது. அமெரிக்காவில் துணைவர் விசாவான எச்-4 வைத்திருப்பவர் வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பாதிக்கக் கூடாது.

“வேறு நாட்டுக்காரருக்குத்தானே செய்கிறேன், பணமும் வேறு நாட்டு வங்கியில்தானே விழுகிறது” என்ற சமாதானம் பெரும்பாலும் செல்லாது. வேலை செய்யும்போது உங்கள் உடம்பு எந்த நாட்டில் இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். குடியேற்றத் துறைக்கு எழுத்தில் கேளுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள். வீட்டில் வேலைக்குப் போகிறவரின் நியமன ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். வேலைக்காலத்தில் ஊழியர் உருவாக்கும் எதுவும் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற வரி அதில் இருந்தால், இரவில் எழுதும் கதையும் வரையும் படமும் விலக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலையில் சேருமுன் கேட்டால் இது எளிது. புத்தகம் வந்த பிறகு கேட்டால் சங்கடம்.

பெட்டியில் எதை ஏற்றுவது

கனமானதும் எங்கும் கிடைப்பதும் வேண்டாம். கைக்குப் பழகியதும் கிடைக்க அரிதானதும் வேண்டும். காகிதத்தையும் கேன்வாஸையும் விட்டுவிட்டு நல்ல பிரஷ்களையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்கோல், பிளேடு, நீண்ட ஊசி எல்லாம் சரக்குப் பெட்டியில்தான்.

மின்கலத்துக்கு இது தலைகீழ். தனியாக எடுத்துச் செல்லும் லித்தியம் பேட்டரியும் பவர்பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்கில் போடக் கூடாது. 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். கணக்கு எளிது: வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர்பேங்க், 3.7 வோல்ட் என்றால் 74 வாட்-மணி.

ஓவியர்கள் மாட்டிக்கொள்வது திரவங்களில். வாட்டர்கலர், அக்ரிலிக் குழாய்களால் தொல்லை இல்லை. ஆயில் பெயின்ட் குழாய்களும் பெரும்பாலும் எளிதில் தீப்பற்றும் பொருள் வகையில் சேராது. ஆனால் குழாயில் ‘ஆயில்’ என்ற சொல்லைக் கண்டதும் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தரவுத் தாளை அச்செடுத்துக் குழாய்களோடு வையுங்கள். அதன் 9-ஆம் பகுதியில் தீப்பற்றும் வெப்பநிலை இருக்கும், 14-ஆம் பகுதியில் போக்குவரத்து விவரம் இருக்கும். டர்பன்டைனும் ஒயிட் ஸ்பிரிட்டும் 60 டிகிரி செல்சியஸுக்கு வெகு கீழேயே தீப்பற்றும், அதனால் கைப்பையிலும் கூடாது, சரக்கிலும் கூடாது. ஸ்ப்ரே பெயின்ட்டும் ஸ்ப்ரே வார்னிஷும் அப்படியே. அவற்றைப் போய்ச் சேர்ந்த இடத்தில் வாங்குங்கள்.

மின்சாரம்

பிளக் அடாப்டர் முள்ளின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. எரிந்துபோகும் தையல் இயந்திரங்களில் பல இதைத் தெரியாததால் எரிந்தவை. பொருளின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். ‘100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்றிருந்தால் அடாப்டர் போதும். லேப்டாப், கேமரா, போன் சார்ஜர்கள் கிட்டத்தட்ட எல்லாமே இந்த வகை.

‘230 வோல்ட்’ என்று மட்டும் இருக்கும் தையல் இயந்திரத்தை 120 வோல்ட் வீட்டில் செருகினால் முனகிக்கொண்டு மெதுவாக ஓடும், தடித்த துணியில் நின்றுவிடும். 120 வோல்ட் இயந்திரத்தை 230 வோல்ட்டில் செருகினால் புகை வரும். ஜப்பானில் 100 வோல்ட் என்பதையும் மனதில் வையுங்கள். டிரான்ஸ்பார்மர் வாங்குவதென்றால் தகட்டில் உள்ள வாட்டைப் போல் இரண்டு மடங்கு தாங்குவதாகப் பாருங்கள். மோட்டார் கிளம்பும்போது அதிகம் இழுக்கும். 85 வாட் இயந்திரத்துக்கு 200 வாட் டிரான்ஸ்பார்மர் சரி. கால் பெடலும் விளக்கும் அதே வோல்ட்டுக்கு உரியவையா என்று பாருங்கள். பெடலை மட்டும் தனியாக மாற்றியிருந்தால் அங்கேதான் கோளாறு வரும்.

இஸ்திரிப்பெட்டி, ஹேர் டிரையர் போலச் சூடாகிறவற்றைத் தூக்கி வர வேண்டாம். 1000, 2000 வாட் தாங்கும் டிரான்ஸ்பார்மர் மிகவும் கனக்கும்.

இடம்: அறை வேண்டாம், பெட்டி போதும்

தனி அறை கிடைக்கட்டும் என்று காத்திருப்பவர்கள் இரண்டு வீடு மாறிய பிறகும் காத்துக்கொண்டிருப்பார்கள். உணவு மேசையே போதும். அதன் மேல் எது எவ்வளவு சீக்கிரம் வந்து உட்காருகிறது என்பதுதான் கேள்வி.

ஒரு வேலைக்கு ஒரு பெட்டி. கையில் இருக்கும் வேலைக்குத் தேவையான எல்லாம் அதில், வேறு எதுவும் அதில் இல்லை. வரைபவருக்கு ஏ3 காகிதம் படுக்கும் பெட்டி, அதாவது உள்ளளவு 30க்கு 42 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அதற்குள் பலகையில் ஒட்டிய காகிதம், பெயின்ட், இரண்டே தண்ணீர்க் கிண்ணம், துணி. தைப்பவருக்குச் சக்கரம் வைத்த மூன்று தட்டு டிராலி நல்லது: மேல்தட்டில் இயந்திரம், நடுவில் வெட்டிய துண்டுகள் வரிசைப்படி, கீழே நூலும் பாபினும். தைத்து முடித்த துண்டையும் தைக்காத துண்டையும் ஒரே தட்டில் போட்டால் அடுத்த முறை பிரித்தெடுக்கவே பத்து நிமிடம் போகும்.

பெட்டியை நிறைத்ததும் கடிகாரத்தை வைத்து ஒரு தடவை விரித்துப் பாருங்கள், மடித்தும் பாருங்கள். எந்த இடத்தில் எழுந்து போனீர்கள் என்று குறியுங்கள். தண்ணீர் எடுக்கவா, விளக்கு மாற்றவா, எக்ஸ்டென்ஷன் ஒயர் தேடவா? எழுந்து போக வைத்த ஒவ்வொரு பொருளுக்கும் பெட்டியிலேயே ஒரு பிரதி வையுங்கள். இரண்டாவது கத்தரிக்கோல் ஆடம்பரம் அல்ல. இரண்டு மூன்று தடவை இப்படித் திருத்தினால் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடும்.

குளிர் நாடுகளில் மாலையில் கிடைக்கும் துண்டு நேரம் எல்லாம் இருட்டில்தான், ஆகவே விளக்கு முக்கியம். நிறம் பார்த்துச் செய்யும் வேலைக்கு 5000 கெல்வின், நிறம் காட்டும் குறியீடான சிஆர்ஐ 90க்கு மேல் உள்ள எல்இடி விளக்கு வாங்குங்கள். வீட்டு மஞ்சள் விளக்கில் கலந்த நீலம் காலையில் வேறு நீலமாக இருக்கும். வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் கையின் நிழலே கோட்டின் மேல் விழும். ஜன்னல் வெளிச்சத்தில், வட அரைக்கோளத்தில் வடக்கு ஜன்னலும் தென் அரைக்கோளத்தில் தெற்கு ஜன்னலும் நாள் முழுக்க மாறாத வெளிச்சம் தரும்.

வாடகை வீடென்றால் குடியேறிய அன்றே சுவர், தரை, மேசை எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது முன்பணத்தில் பிடிப்பது ஆணித் துளைக்கும் தரைக் கறைக்கும்தான். சுவரில் ஆணிக்குப் பதில் இரு சுவருக்கிடையே இறுக்கி நிற்கும் கம்பியைப் போட்டு கிளிப்பில் தொங்கவிடலாம். தரையில் பிளாஸ்டிக் விரிப்பு மட்டும் போதாது, பெயின்ட் அதன் மேல் வழுக்கிப் பக்கத்தில் ஓடும். பிளாஸ்டிக்குக்கு மேல் பழைய பருத்தித் துணியைப் போடுங்கள்.

ஈரப்பதம் புதியவர்களுக்குத் தெரியாத எதிரி. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அறையில் காற்று வறண்டு, ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே போகலாம். வயலின், வீணை, கிடார் மரம் சுருங்கி விரிசல் விடும், தோல் வாத்தியத்தின் சுருதி ஏறும். வாத்தியத்துக்கு 40 முதல் 60 விழுக்காடு நல்லது. சின்ன ஈரப்பத மானி ஒன்றை வாங்கி வாத்தியப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள், ஹீட்டருக்குப் பக்கத்தில் பெட்டியைச் சாத்தாதீர்கள். அதே வீட்டில் வெளிச்சுவர் ஓரம் குளிர்ந்து நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். ஓவியமும் புத்தகமும் துணியும் வெளிச்சுவரிலிருந்து ஐந்து சென்டிமீட்டராவது தள்ளி நிற்கட்டும்.

நேரம்: துண்டுக்கு ஏற்ற வேலை

ஒரு வாரம் எதையும் மாற்றாமல் அரை மணிக் கட்டம் போட்ட தாளில் நடப்பதை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். வாரக் கடைசியில் மூன்று நிறம் தீட்டுங்கள்: தனிமையும் தெளிவும் உள்ள நேரம், பிள்ளை கண்ணெதிரே விளையாடும் நேரம், உடம்பு சோர்ந்த நேரம். முதல் நிறம் வாரத்துக்கு நான்கைந்து மணிக்கு மேல் தேறுவது அபூர்வம். அதிர்ச்சியடைய வேண்டாம். அந்த நான்கு மணியில் வேறு நிறத்துக்கு உரிய வேலையைச் செய்வதுதான் நிஜமான இழப்பு.

வேலையை மூன்று அளவாக வெட்டுங்கள். கால் மணி: நூல் சுற்றுதல், பென்சில் கோட்டை அழித்தல், ஸ்கேன் செய்த கோப்புக்குப் பெயரிடுதல், பிரஷ் கழுவுதல், ஒரு கடிதத்துக்குப் பதில். முக்கால் மணி: ஒரு பத்தி திருத்தம், ஓர் ஓவியத்தில் ஒரு பூச்சு, ஒரு கை தைத்துப் பொருத்துதல். மூன்று மணி: புதுக் கதையின் முதல் வரைவு, துணி வெட்டுதல், குரல் பதிவு. இந்தப் பட்டியலைப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். பிள்ளை திடீரென்று தூங்கிவிட்டால் “என்ன செய்யலாம்” என்று யோசிக்கிற பத்து நிமிடம் மிச்சம். துணி வெட்டுவதை மட்டும் ஒருபோதும் துண்டு நேரத்துக்குத் தள்ளாதீர்கள். பாதியில் எழுந்து வந்து வெட்டினால் இழை திசை தப்பும், அதற்கு வைத்தியம் கிடையாது.

ஊடகத்தையும் நேரத்துக்கேற்பத் தேர்ந்தெடுக்கலாம், பலர் இதை யோசிப்பதே இல்லை. அக்ரிலிக் பத்து, இருபது நிமிடத்தில் தட்டிலேயே காய்ந்துவிடும். அடிக்கடி எழுந்து போக வேண்டியவருக்கு அது வீண்செலவு. வேண்டுமென்றால் ஈரப் பஞ்சின் மேல் எண்ணெய்த்தாள் விரித்த மூடிபோட்ட தட்டைப் பயன்படுத்துங்கள். வாட்டர்கலரும், அதைவிடக் கெட்டியாகப் பூசும் குவாஷும் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் உயிர்க்கும், துண்டு நேரத்துக்கென்றே பிறந்தவை. ஒரு பூச்சு வைத்துவிட்டு எழுந்து போனால், நீங்கள் திரும்பி வரும்போது அது காய்ந்திருக்கும். ஆயில் பெயின்ட்டை நாள்கணக்கில் மூடி வைக்கலாம், ஆனால் வாசனையும் உலரும் காலமும் சின்ன வீட்டுக்கு ஒத்துவராது. பின்னலும் கைத்தையலும் எந்த நிமிடத்திலும் நிறுத்தலாம்.

எழும்போது அடுத்த அடியை எழுதி வைத்துவிட்டு எழுங்கள். “இடது கை, 3-ஆம் துண்டு, உட்புறம் மேலே” என்பது போல ஒரே வரி. எழுதுபவர் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தலாம், மறுநாள் கை தானாக அதை முடிக்கும். குறிப்பில்லாமல் விட்ட வேலையை மறுபடி நினைவுக்குக் கொண்டுவருவதில்தான் துண்டு நேரத்தின் பெரும்பகுதி கரைகிறது.

கணவன் மனைவி இருவரும் முறை வைத்துக்கொள்வது அடுத்தது. வாரத்தில் ஒருவருக்கு ஒரு மாலை, மற்றவருக்கு ஒரு மாலை, ஒன்றுவிட்டு ஒரு வாரம் அரை நாள் என்று தொடங்கலாம். முறை எடுக்கும்போது பிள்ளை மட்டும் கைமாறினால் போதாது. வாசல் மணி, தொலைபேசி, துவைத்து நிற்கும் துணி, அடுப்பு எல்லாம் சேர்ந்து கைமாற வேண்டும். வேலையில் இருப்பவர் வீட்டில் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். “இது எங்கே இருக்கிறது?” என்று ஒரு கேள்வி வந்தாலே மூன்று மணி நேரம் இரண்டாக உடையும். அதே கண்டிப்போடு சொன்ன நேரத்துக்கு எழுந்து வந்துவிடுங்கள். ஒரு தடவை இருபது நிமிடம் நீட்டினால், அடுத்த தடவை முறை தருகிறவர் முழு மனதோடு தர மாட்டார். தனியாகப் பிள்ளை வளர்ப்பவரும் துணை எப்போதும் பயணத்தில் இருப்பவரும் இன்னொரு குடும்பத்தோடு மாற்று முறை செய்யலாம்: இந்தச் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் இங்கே, அடுத்த சனிக்கிழமை அங்கே. முதல் தடவை ஒரு மணி போதும். ஒவ்வாமை, மருந்து, அவசரத் தொலைபேசி எண் மூன்றையும் தாளில் எழுதிக் கொடுங்கள்.

பள்ளிக்கூடத்தின் ஆண்டு நாட்காட்டி வந்ததும் விடுமுறைகளைக் கோடிட்டு, அந்த வாரங்களில் எந்தக் கெடுவையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிள்ளை புதிதாகப் பள்ளி சேரும் முதல் குளிர்காலத்தில் சளியும் காய்ச்சலும் அடுத்தடுத்து வரும், உங்களுக்கும் சேர்த்து. நாலு வாரத்தில் முடியும் என்று தோன்றும் வேலைக்கு ஆறு வாரம் கேளுங்கள்.

பிள்ளைகளும் பொருள்களும்

பக்கத்தில் பிள்ளைக்கும் ஒரு பெட்டி வைத்தால் உங்கள் பெட்டி தப்பிக்கும். நீங்கள் விரிக்கும்போது மட்டும் அதுவும் திறக்க வேண்டும், எப்போதும் கையில் இருந்தால் அதற்கு மவுசு போய்விடும்.

ஊசியை எண்ணி எடுங்கள், எண்ணி வையுங்கள். பெட்டி மூடியில் பத்து என்று எழுதியிருந்தால் ஒன்பது இருக்கும்போது மடிக்கக் கூடாது. தரையில் தேட ஒரு காந்தம் வைத்திருங்கள். கேட்மியம், கோபால்ட், ஈயம் சேர்ந்த நிறங்கள் தவழும் பிள்ளை உள்ள வீட்டுக்கு ஆகாது, ‘ஹ்யூ’ என்று பெயர் போட்ட மாற்று நிறங்கள் இருக்கின்றன. ஸ்ப்ரேயும் ரெசினும் ஜன்னல் திறக்க முடியாத குளிர்கால வீட்டில் வேண்டவே வேண்டாம்.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு பிறக்கிறது. கசங்கிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே தட்டையாக விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் ஊற்றி மூடிய உலோக டப்பாவில் போடுங்கள்.

குரல் பதிவு

அடுக்குமாடி வீட்டில் சிறந்த ஒலிப்பதிவு அறை உங்கள் துணி அலமாரிதான். தொங்கும் துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும். அலமாரியைத் திறந்து வைத்து துணியைப் பார்த்து உட்காருங்கள், பின்னால் ஒரு தடித்த போர்வையைத் தொங்கவிடுங்கள். மைக் வாயிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். ‘ப’ வெடிப்பு அப்போது குறையும். உரக்கப் பேசும் இடத்தில் ஒலி அளவு மைனஸ் 12 டெசிபலுக்கு மேல் போகாமல் வைத்தால், சிரிப்பு வந்தாலும் ஒலி உடையாது. பேசத் தொடங்குமுன் அரை நிமிடம் சும்மா அறையின் அமைதியைப் பதியுங்கள், பின்னால் இரைச்சலைக் கழிக்க அது வேண்டும்.

குளிர்பதனப் பெட்டியின் ரீங்காரம் எல்லாப் பதிவிலும் வந்து உட்காரும். அதை அணைத்துவிட்டு வீட்டுச் சாவியை அதற்குள்ளேயே வையுங்கள். சாவியில்லாமல் வெளியே போக முடியாது, ஆகவே மறுபடி போட மறக்க மாட்டீர்கள். குடியிருப்பின் விதித்தாளில் அமைதி நேரம் குறித்திருக்கும். பாட்டுச் சாதகமும் தையல் இயந்திரமும் அந்த நேரத்தில் ஆகாது. இயந்திரத்தின் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் கீழ்வீட்டுக்குப் போகும் அதிர்வு வெகுவாகக் குறையும்.

அளவு, தாள், கடிகாரம்

நாடு மாறினால் அளவுகளின் பெயரும் மாறுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏ4 தாள் வழக்கத்தில் இல்லை. ‘லெட்டர்’ தாள் 216க்கு 279 மில்லிமீட்டர், ஏ4 210க்கு 297. ஏ4 கோப்பை லெட்டரில் அச்சிட்டால் அச்சுப்பொறி தானாக ஏறத்தாழ 94 விழுக்காடாகச் சுருக்கிவிடும். கடிதத்துக்குப் பரவாயில்லை, தையல் மாதிரித்தாளுக்கு அது நாசம். ‘100 விழுக்காடு’ என்று தேர்ந்தெடுத்து, தாளில் உள்ள சோதனைச் சதுரத்தை ஸ்கேலால் அளந்த பிறகே வெட்டுங்கள். அமெரிக்க மாதிரிகளில் தையல் விளிம்பு பெரும்பாலும் எட்டில் ஐந்து அங்குலம், அதாவது 1.6 சென்டிமீட்டர். ஐரோப்பிய மாதிரிகள் சிலவற்றில் விளிம்பே சேர்க்கப்பட்டிருக்காது.

பின்னல் ஊசி 5 மில்லிமீட்டர் என்பது அமெரிக்க எண் 8, பழைய பிரிட்டிஷ் எண் 6. கொக்கி ஊசிப் பின்னலான குரோஷேயில் இன்னும் குழப்பம்: பிரிட்டனில் ‘டபுள் குரோஷே’ என்பது அமெரிக்காவில் ‘சிங்கிள் குரோஷே’. மாதிரி எந்த நாட்டினுடையது என்று பார்க்காமல் தொடங்கினால் சட்டை பொம்மைக்குத்தான் ஆகும். வாட்டர்கலர் காகிதத்தில் 140 பவுண்டு என்பதும் 300 கிராம் என்பதும் ஒன்றுதான்.

வெளிநாட்டிலிருந்து மற்ற நாட்டுக்காரரோடு சேர்ந்து வேலை செய்வோரை ஆண்டுக்கு இரண்டு தடவை கடிகாரம் ஏமாற்றும். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. இடையில் இரண்டு அல்லது மூன்று வாரம் இருவருக்கும் உள்ள இடைவெளி ஒரு மணி மாறிவிடும். திரும்பும்போது ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. கெடுவையும் கூட்டத்தையும் உலகப் பொது நேரமான யூடிசியில் குறியுங்கள். தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 03/04 என்பது ஒருவருக்கு ஏப்ரல், இன்னொருவருக்கு மார்ச்.

கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. வீடு மாறும்போது லேப்டாப்பும் வெளி ஹார்டு டிஸ்க்கும் ஒரே பையில் போகக் கூடாது, தொலைந்தால் இரண்டும் சேர்ந்தே தொலையும். ஓவியத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் ஏ4 அளவுக்கு 2480க்கு 3508 புள்ளிகள் வரும், அச்சுக்கு அது போதும். கறுப்புக் கோட்டு ஓவியத்துக்கு 600 வேண்டும்.

பணமும் ஒப்பந்தமும்

பதிப்புரிமைக்காகப் புது நாட்டில் தனியே பதிவு செய்ய வேண்டியதில்லை. 1886-இல் உருவான பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் படைப்பு எழுத்திலோ பதிவிலோ வந்த உடனே உரிமை பிறக்கிறது. கையெழுத்து போடும் தாள்தான் அந்த உரிமையைப் பறிக்கும். எந்த மொழி, எந்த நாடுகள், எத்தனை ஆண்டு, அச்சா மின்னூலா ஒலிநூலா, அச்சில் இல்லாமல் போனால் உரிமை எப்போது திரும்பும், வழக்கு வந்தால் எந்த நாட்டு நீதிமன்றம் ஆகிய ஆறும் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள்.

அமெரிக்க நிறுவனம் ஒன்றிலிருந்து ராயல்டி வந்தால், அமெரிக்கர் அல்லாதவர் டபிள்யூ-8 பென் படிவத்தை நிரப்பித் தர வேண்டும். தராவிட்டால் 30 விழுக்காடு பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புவார்கள். நீங்கள் வரி கட்டும் நாட்டோடு அமெரிக்காவுக்கு வரி ஒப்பந்தம் இருந்தால் அந்த விழுக்காடு குறையும். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு மூன்றாம் ஆண்டின் கடைசி நாளோடு படிவம் காலாவதியாகும். நாடு மாறினால் உடனே புதிதாகத் தர வேண்டும். இதை மறந்துவிட்டு பழைய நாட்டுக் கணக்கில் வரி பிடிபட்டுத் திரும்ப வாங்க அலைபவர்கள் அதிகம்.

எந்த நாட்டுக்கு வரி என்பதைப் பல இடங்களில் 183 நாள் கணக்கு தீர்மானிக்கிறது, ஆனால் அது மட்டும் அல்ல. வீடு, குடும்பம் எங்கே என்பதும் சேரும். வந்த நாள், போன நாள், பயணச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். நாடு விட்டு நாடு வரும் வங்கிப் பணத்தில் இடையில் நிற்கும் வங்கிகளும் கட்டணம் பிடிக்கும். கட்டணம் முழுவதும் அனுப்புபவரைச் சேர்ந்தது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், வங்கிப் படிவத்தில் அதற்கு ‘OUR’ என்ற ஆங்கிலக் குறி இருக்கிறது. சிறு தொகைகளைச் சேர்த்து ஒரே தடவையாக வாங்கினால் மிச்சம்.

தபாலில் அனுப்பும்போது

காகித ஓவியத்தின் மேல் கிளாசின் எனும் வழவழப்பான மெல்லிய தாள், அதன் இருபுறமும் விறைப்பான அட்டை, அட்டையின் விளிம்பு ஓவியத்தைவிட மூன்று சென்டிமீட்டர் பெரிதாக. பிறகு பிளாஸ்டிக் உறை, கடைசியில் வெளி அட்டைப்பெட்டி. பபிள் உறையை நேரடியாக ஓவியத்தின் மேல் வைத்தால் வட்ட வட்டமாகத் தடம் பதியும், அக்ரிலிக்கில் இது நிச்சயம். கேன்வாஸைச் சுருட்டுவதென்றால் பெயின்ட் பக்கம் வெளியே இருக்கட்டும். உள்பக்கமாகச் சுருட்டினால் பூச்சு அமுங்கி வெடிக்கும். குழாயின் குறுக்களவு 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. தடிமனாகப் பூசியதையும் சரியாக உலராத ஆயில் பெயின்ட்டையும் சுருட்டவே கூடாது. தொட்டால் ஒட்டாது என்பதால் உலர்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள், உள்ளே மாதக்கணக்கில் ஈரமிருக்கும்.

சுங்கப் படிவத்தில் சிறு மதிப்புக்கு சிஎன்22, கூடினால் சிஎன்23. ‘அன்பளிப்பு’ என்று விற்ற பொருளுக்கு எழுதுவது பொய்யான அறிவிப்பு, பிடிபட்டால் பெட்டி வாங்கியவரிடம் போய்ச் சேராமல் போகலாம். ‘காகிதத்தில் வாட்டர்கலர் ஓவியம், 1’ என்று பொருளைத் தெளிவாக எழுதுங்கள். கையால் வரைந்த ஓவியத்தின் சுங்க வகை எண் 9701, அச்சுப் புத்தகத்துக்கு 4901. எண் இருந்தால் அதிகாரி ‘கைவினைப்பொருள்’ என்று வேறு வகையில் தள்ளி வரி போடும் வாய்ப்பு குறையும். படிவத்தின் நகலைப் பெட்டிக்குள்ளும் ஒன்று போட்டு, மூடுமுன் ஓவியத்தோடு சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.